இரட்டை வெபர்: பழைய இத்தாலியக் காருக்குக் கார்புரேட்டர் தேர்வும் டியூனிங்கும்

பழைய ஆல்ஃபா ரோமியோ வாங்கியவர்கள் முதலில் கேட்பது, "மெயின் ஜெட் என்ன சைஸ் போடலாம்?" என்றுதான். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு; வேகமாக ஓடும்போது பெட்ரோல் தருவது மெயின் ஜெட். கேட்பதில் தப்பில்லை, ஆனால் அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே ஓட்டும் நேரமெல்லாம் இன்ஜின் குடிப்பது ஐடில் ஜெட் வழியாக வரும் பெட்ரோலை. ரேஸ் டிராக்குக்குப் போகாதவரின் கார் பாதி ஆயுளை அந்தச் சின்ன ஜெட்டின் தயவில்தான் கழிக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மெயின் ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டால் பெட்ரோல் செலவாகும், பிக்கப் வராது.

எல்லா இத்தாலியக் காரையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. ஃபியட் 500-இல் ஒற்றை வெபர் 26 ஐஎம்பி, ஃபெராரியின் டினோ 246-இல் மூன்று 40 டிசிஎன்எஃப், லம்போர்கினி மியூராவில் மும்மூன்று குழல் கொண்ட நான்கு ஐடிஎல் என்று ஒவ்வொன்றும் தனி உலகம். இங்கே ஆல்ஃபாவின் 105 வரிசையை எடுத்துக்கொள்கிறேன். 1963-இல் வந்த ஜூலியா ஸ்பிரின்ட் ஜிடி முதல் 1970-களின் 2000 ஜிடிவி வரையிலான கார்கள் இவை. நான்கு சிலிண்டர், இரட்டை கேம்ஷாஃப்ட், பக்கவாட்டில் படுத்திருக்கும் இரண்டு இரட்டைக்குழல் கார்புரேட்டர்கள். ஒரு சிலிண்டருக்கு ஒரு குழல். இந்த அமைப்பு பிடிபட்டுவிட்டால் மற்றவை சுலபம்.

எதைப் போடுவது

எதுவார்டோ வெபர் 1923-இல் பொலோன்யாவில் தொடங்கிய நிறுவனம் வெபர். அவர் 1945-இல் காணாமல் போனார். 1952-இல் நிறுவனம் ஃபியட்டின் கைக்குப் போனது. பிறகு உற்பத்தி ஸ்பெயினுக்கு நகர்ந்தது. வெபரின் படுத்த இரட்டைக்குழல் மாடல் டிசிஓஇ; இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும் 40 டிசிஓஇ 151 ஸ்பெயின் சரக்கு. அதில் குறையொன்றுமில்லை, ஆனால் பழைய இத்தாலிய டிசிஓஇ-யின் அளவுகளை அப்படியே இதில் பொருத்திப் பார்க்கக் கூடாது. ஏன் என்பது பின்னால் வரும்.

ஆல்ஃபா தொழிற்சாலை வெபரோடு நிற்கவில்லை. 2000 ஜிடிவி-யில் வெபர் 40 டிசிஓஇ, சோலெக்ஸ் டிடிஎச், டெல்லோர்த்தோ டிஎச்எல்ஏ 40 ஆகிய மூன்றுமே போட்டிருக்கிறார்கள். உங்கள் காரில் எது வந்ததோ, அது முழுசாக, ஜோடியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். டெல்லோர்த்தோவைக் கழற்றிவிட்டு வெபர் போட்டால் கார் வேகமாகும் என்பது வெறும் பேச்சு. ஐடிலிலிருந்து மேலே ஏறும்போது டெல்லோர்த்தோ வெபரைவிட வழவழப்பாக இருக்கும் என்பது என் கணிப்பு. சோலெக்ஸ் மோசமில்லை, ஆனால் ஜெட் தேடி அலையவேண்டும். ஒன்றின் ஜெட் இன்னொன்றில் பொருந்தாது. கையில் ஜெட் பெட்டி வைத்திருக்கும் மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார் என்றால், அவரிடம் எந்தக் கம்பெனி ஜெட் இருக்கிறது என்பதே உங்கள் தேர்வைப் பாதி முடித்துவிடும்.

அடுத்தது 40-ஆ, 45-ஆ. அந்த எண் த்ராட்டில் தட்டு இருக்கும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். காற்று உண்மையில் இறுகிப் போவது உள்ளே இருக்கும் வென்சூரி என்ற குறுகிய வளையத்தில். 40-க்குள் 36 மி.மீ. வரை வென்சூரி போடலாம். சாலையில் ஓடும் 2 லிட்டர் இன்ஜினுக்கு அந்த அளவே தேவைப்படாது. ஆல்ஃபாவே 1600-க்கு 30, 1750-க்கும் 2000-க்கும் 32 என்ற அளவில்தான் வைத்தது. கேம்ஷாஃப்ட் மாற்றி 7,000 ஆர்பிஎம் வரை ஏற்றுகிறவர் 34-க்குப் போகலாம். வென்சூரி பெரிதானால் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் தாமதமாகும். 45-ஐ மாட்டிவிட்டு "கீழே இழுக்க மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

பழைய ஜோடி வாங்குவதாக இருந்தால் நான்கு விஷயம் பாருங்கள். இரண்டின் மேலும் பொறித்திருக்கும் முழு எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். 40 டிசிஓஇ 27-உம் 40 டிசிஓஇ 32-உம் ஜோடி சேராது; உள்ளே பிரொக்ரஷன் துளைகளின் (த்ராட்டில் திறக்கத் திறக்கப் பெட்ரோலைக் கூட்டும் துளைகள்) இடமே வேறாக இருக்கலாம். கடைசியில் வரும் அந்த எண் வகையைக் குறிப்பது, வென்சூரி அளவு என்று ஏமாறாதீர்கள். இரண்டாவது, த்ராட்டில் தண்டு. டிசிஓஇ-யில் அது பால் பேரிங்கில் சுழல்கிறது, ஆகவே விரலால் சுழற்றினால் கரகரப்பே இருக்கக் கூடாது. மூன்றாவது, ஐடில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றி அதன் ஊசி நுனியைப் பாருங்கள். யாரோ பலம் காட்டி இறுக்கியிருந்தால் நுனியில் வளையம்போல் ஒரு தடம் இருக்கும். ஸ்க்ரூவை மாற்றிவிடலாம், அது போய் மோதிய துளை விரிந்திருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. நான்காவது, ஃப்ளோட் (மிதவை) தொட்டியின் அடியில் வெள்ளைப் பொடி. தண்ணீர் தேங்கி அலுமினியம் அரித்ததன் அடையாளம் அது.

கார்புரேட்டரைத் தொடும் முன்

"கார்புரேட்டர் கோளாறு" என்று வரும் கார்களில் பல, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் கோளாறோடுதான் வருகின்றன. வால்வு இடைவெளி, கம்ப்ரெஷன், பிளக், பாயின்ட் இடைவெளி, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) என்று வரிசையாக முடித்துவிட்டு வாருங்கள். ஆல்ஃபாவில் வால்வு இடைவெளிக்கான ஷிம் (சின்னத் தகடு) பக்கெட்டுக்கு (கேம் அழுத்தும் கிண்ணம்) அடியில் இருக்கிறது, கேம்ஷாஃப்டைத் தூக்காமல் மாற்ற முடியாது. அதனாலேயே பலர் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆரேலியோ லாம்ப்ரெதி வடிவமைத்த ஃபியட் ட்வின் கேமில் ஷிம் பக்கெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். 124 ஸ்பைடர் வைத்திருப்பவர் கொடுத்து வைத்தவர்.

டைமிங்குக்கு ஆல்ஃபாவின் கிராங்க் புல்லியில் மூன்று எழுத்துகள் இருக்கும். 'பி' பிஸ்டன் மேல் முனையில் நிற்கும் நிலை, 'எஃப்' நிலையான அட்வான்ஸ் (தீப்பொறி முந்தும் அளவு), 'எம்' அதிகபட்ச அட்வான்ஸ். ஸ்ட்ரோப் விளக்கை வைத்து 'எம்' சரியாக வருகிறதா என்று உயர்ந்த ஆர்பிஎம்மில் பாருங்கள். 'எஃப்' மட்டும் சரியாக இருந்து 'எம்' வராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைக்கட்டிகளோ ஸ்பிரிங்குகளோ சோர்ந்துவிட்டன. அந்தக் காரில் எந்த ஜெட் போட்டாலும் மேலே மந்தமாகத்தான் இருக்கும்.

அடுத்தது காற்றுக் கசிவு. இந்தக் கார்களுக்கே உரிய ஒரு நோய் இருக்கிறது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இரும்புத் தகட்டில் ஒட்டிய ரப்பர் மவுன்ட் வைத்திருப்பார்கள். வருடங்கள் போகப் போக ரப்பர் தகட்டிலிருந்து பிரியும். மேலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும், விரிசல் அடிப்பக்கத்தில் இருக்கும். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் கீழே பாருங்கள். இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டரைக் கையால் மெதுவாகத் தூக்கிப் பிடியுங்கள். ஸ்லோ ஸ்பீடு மாறினால் மவுன்ட் போய்விட்டது. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள், கீழே தாங்கும் பிராக்கெட்டையும் விடாமல் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் கார்புரேட்டரின் எடை முழுதும் ரப்பரில் தொங்கும், புது மவுன்டும் சீக்கிரமே கிழியும்.

பெட்ரோல் பிரஷர் 3 பி.எஸ்.ஐ. அளவில் போதும். எலக்ட்ரிக் பம்ப் போட்டவர்கள் ரெகுலேட்டரும் போடவேண்டும். பிரஷர் கூடினால் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழியும். வேலை செய்யும் இடத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். குழல் வழியாகத் திரும்பி வெடிக்கும் தீப்பொறி இந்தக் கார்புரேட்டர்களில் சகஜம்.

மேசை மேல் செய்யவேண்டியது

ஃப்ளோட் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள், மற்ற எல்லா அளவும் அதன் மேல் நிற்கிறது. டிசிஓஇ-யின் மேல்மூடியைக் கழற்றி, கேஸ்கட்டோடு, செங்குத்தாகப் பிடியுங்கள். ஃப்ளோட் தன் எடையில் தொங்கும். அதன் நாக்கு ஊசி வால்வின் சின்னக் குண்டைத் தொடவேண்டும், அழுத்தக் கூடாது. அந்த நிலையில் கேஸ்கட் முகத்திலிருந்து ஃப்ளோட் வரை, பித்தளை ஃப்ளோட் என்றால் வழக்கமாக 8.5 மி.மீ. இருக்கவேண்டும். மூடியைப் படுக்கவைத்து ஃப்ளோட்டை முழுசாகக் கீழே இறங்கவிட்டால் 15 மி.மீ. பிளாஸ்டிக் ஃப்ளோட்டுக்குக் கணக்கு வேறு, அதற்கான தாளைப் பாருங்கள். 8.5 மி.மீ. ட்ரில் பிட்டின் பின்பக்கத்தையே அளவுகோலாக வைத்து உரசிப் பார்க்கலாம், ஸ்கேலைவிட நம்பகமானது. பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பார்க்கவும் மறக்கவேண்டாம். உள்ளே பெட்ரோல் சளசளத்தால் அது ஓட்டை.

இனி ஜெட். வெபரில் எண் என்பது துளையின் விட்டம், நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில். 120 என்றால் 1.20 மி.மீ. தொடக்கப் புள்ளிக்கு ஒரு பழைய கணக்கு: வென்சூரி அளவை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட், அதோடு 50 கூட்டினால் ஏர் கரெக்டர், அதாவது மெயின் பெட்ரோலில் காற்றைக் கலக்கும் ஜெட். 1600 இன்ஜினில் 30 மி.மீ. வென்சூரி என்றால் மெயின் 120, கரெக்டர் 170. 2000-இல் 32 என்றால் பெருக்கல் 128 தரும், 130-ஐ எடுங்கள், கரெக்டர் 180.

அந்தப் பெட்ரோலும் காற்றும் கலக்கும் எமல்ஷன் ட்யூப் சிலிண்டர் கொள்ளளவைப் பொறுத்தது. ஒரு சிலிண்டர் 350 முதல் 475 சி.சி. வரை என்றால் எஃப்9 அல்லது எஃப்16, அதற்கு மேல் எஃப்2. 2000 இன்ஜினில் ஒரு சிலிண்டர் 490 சி.சி., ஆகவே எல்லையைச் சற்றே தாண்டி நிற்கிறது. இந்த ட்யூபை மாற்றி விளையாடுவது டியூனிங்கின் கடைசி ஆசை. சாலைக் காரில் அங்கே போகவேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. திடீரென்று மிதிக்கும்போது பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் ஜெட் 35 அல்லது 40.

ஐடில் ஜெட்டில் இரண்டு எண் இருக்கும். 50எஃப்8 என்றால் பெட்ரோல் துளை 0.50 மி.மீ., எஃப்8 என்பது காற்றுத் துளையின் வகை. இங்கே எஃப் எண்களுக்கு வரிசை ஒழுங்கு கிடையாது, எண் பெரிதானால் பெட்ரோல் கூடும் குறையும் என்று ஊகிக்க வழியில்லை. சாலையில் அதிகம் புழங்குகிறவற்றை, பெட்ரோல் கூடியதிலிருந்து குறைந்தது வரை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எஃப்6, எஃப்9, எஃப்8, எஃப்11, எஃப்2. 1600-க்கு 45, 2000-க்கு 50 அல்லது 55, இரண்டுக்கும் எஃப்8 அல்லது எஃப்9-இல் தொடங்கலாம்.

பழைய ஜெட்டுகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண்ணை அரத்தால் அழித்து ட்ரில் போட்டுப் பெரிதாக்கிய ஜெட்டுகள் கிடைக்கத்தான் செய்கின்றன. துளையின் விளிம்பில் பிசிறு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். கம்பி விட்டுக் குத்தவே கூடாது, காற்றடித்தால் போதும்.

ஸ்லோ ஸ்பீடும் சின்க்ரோவும்

1. ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து வரும் கம்பியைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றிவிடுங்கள். அது த்ராட்டிலை ஒரு நூல் திறந்து வைத்திருந்தால் நீங்கள் செய்யும் எல்லா அட்ஜஸ்ட்மென்ட்டும் பொய்.

2. ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவை, அது த்ராட்டில் நெம்புகோலைத் தொடாத அளவுக்கு வெளியே எடுத்து, தொடும்வரை திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்று உள்ளே விடுங்கள்.

3. நான்கு மிக்சர் ஸ்க்ரூவையும் விரல் பலத்தில் மெதுவாக உட்காரவைத்துத் திறக்கவேண்டும். பெரிய மரை உள்ள பழைய டிசிஓஇ-க்கு முக்கால் முதல் ஒரு சுற்று. 151 போன்ற புதியவற்றில் மரை நெருக்கம், ஆகவே இரண்டு முதல் இரண்டரைச் சுற்று. பழைய மேனுவலின் எண்ணைப் புதிய கார்புரேட்டருக்குப் போட்டு நான்கு சிலிண்டரும் திணறும் காரைப் பலர் இங்கேதான் உருவாக்குகிறார்கள்.

4. இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். கராஜில் நிறுத்திச் சூடாக்குவது போதாது, ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள்.

5. காற்றோட்டம் அளக்கும் சின்க்ரோமீட்டரை ஒவ்வொரு குழலின் வாயிலும் வைத்துக் காற்றளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கார்புரேட்டரின் இரண்டு குழல்களும் ஒரே தண்டில் இருப்பதால் ஒன்றாக இருக்கவேண்டும். வித்தியாசம் வந்தால் தண்டு முறுக்கியிருக்கிறது, அல்லது தட்டு சரியாக உட்காரவில்லை. பைபாஸ் ஸ்க்ரூ (தட்டைச் சுற்றிக் காற்று விடும் திருகு) உள்ள வகையில், குறைவாக இழுக்கும் குழலின் ஸ்க்ரூவைத் திறந்து ஈடுகட்டலாம். அதிகம் இழுக்கும் குழலில் அது மூடியே இருக்கட்டும். இதன் பிறகு இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் ஸ்க்ரூவைத் திருப்பி ஒன்றையொன்று சமமாக்குங்கள்.

6. இப்போது மிக்சர். ஒரு ஸ்க்ரூவை எடுத்து, கால் சுற்றுக்கும் குறைவாக, உள்ளே விட்டுக்கொண்டே போனால் இன்ஜின் தடுமாறும். அங்கிருந்து வெளியே எடுத்தால் ஓட்டம் சீராகி ஆர்பிஎம் ஏறும். ஏறுவது நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். நான்கையும் முடித்துவிட்டு மறுபடி சின்க்ரோ பாருங்கள். 900 முதல் 1,000 ஆர்பிஎம் நல்ல இடம்.

இப்போது ஸ்க்ரூக்கள் நிற்கும் இடமே உங்களுக்கு ஒரு சேதி சொல்கிறது. 151-இல் நான்கும் மூன்று சுற்றுக்கு மேல் திறந்தால்தான் ஓடுகிறது என்றால் ஐடில் ஜெட் சிறிது, அடுத்த அளவுக்குப் போங்கள். ஒரு சுற்றிலேயே புகை கண்ணைக் கரித்தால் ஜெட் பெரிது.

பிரொக்ரஷன் துளைகள்

இனி வருவது பல வழிகாட்டிகள் ஒரு வரியில் தாண்டிப் போகும் இடம். மிக்சர் ஸ்க்ரூவுக்கு அருகே, குழலின் மேல், ஒரு சின்னப் பித்தளை மூடி ஸ்க்ரூ இருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு அதைக் கழற்றுங்கள். கீழே ஊசிமுனை அளவில் வரிசையாகச் சில துளைகள் தெரியும். குழலுக்குள் டார்ச் அடித்துவிட்டு, மேலிருந்து கண்ணை நெருங்கவைத்துப் பார்த்தால் த்ராட்டில் தட்டின் விளிம்பு பளபளக்கும் கோடாகத் தெரியும். ஐடிலில் அந்தக் கோடு முதல் துளையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்கவேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தட்டு ஒவ்வொரு துளையாகக் கடக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும். மெயின் ஜெட் விழித்துக்கொள்ளும்வரை வண்டியை இழுப்பது இவைதான்.

ஐடிலிலேயே முதல் துளை திறந்திருந்தால் கையிருப்பு ஏற்கனவே செலவாகிவிட்டது. மிதித்தவுடன் இழுவை ஒரு கணம் அறுந்துபோகும். ஸ்பீடு ஸ்க்ரூவை ஏன் இவ்வளவு உள்ளே விடவேண்டியிருந்தது என்று தேடுங்கள்: டைமிங் பின்தங்கியிருக்கலாம், ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம், ஐடில் ஜெட் சிறிதாக இருக்கலாம். பைபாஸ் ஸ்க்ரூ இருந்தால் நான்கையும் சமமாகக் கொஞ்சம் திறந்து, தட்டைப் பின்னுக்குக் கொண்டுவரலாம்.

சாலையில்

முதல் சோதனை: மூன்றாம் கியரில் 1,800-இலிருந்து 3,000 வரை, முட்டை மேல் மிதிப்பதுபோல் மிதித்து ஏற்றுங்கள். நடுவில் வண்டி தயங்கினாலோ, குழல் வழியாக 'புட்' என்று இருமினாலோ பெட்ரோல் போதவில்லை. ஐடில் ஜெட்டை 5 கூட்டுங்கள், அல்லது காற்றுத் துளையில் எஃப்8-இலிருந்து எஃப்9-க்குப் போங்கள். கனத்து, மந்தமாகி, பிளக் கரி பிடித்தால் எதிர்த்திசை. மெயின் ஜெட்டின் பக்கம் இன்னும் போகவேண்டாம்.

திடீரென்று முழுசாக மிதித்தால் மட்டும் தடுமாற்றம் என்றால் சந்தேகம் பம்ப் ஜெட் மேல். மெதுவாகத் திறந்தாலும் அதே இடத்தில் தடுமாறினால் பம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் பம்ப் ஜெட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போவது பெட்ரோலைச் சைலன்சருக்கு ஊற்றுவதில்தான் முடியும்.

இதெல்லாம் சரியான பிறகு மெயின். நான்காம் கியர், ஏற்றம், முழு மிதி, 3,000-க்கு மேல். ரோலிங் ரோடு (காரை உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் மேடை) கிடைத்தால் அங்கே போங்கள். பொதுச்சாலையில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே முழு மிதி மிதிப்பது புத்திசாலித்தனமில்லை. சைலன்சர் குழாயில், புகையிலிருந்து கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா சென்சார் வைத்தால் வேலை பாதியாகும். முழு மிதியில் காற்று–பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13, சீரான ஓட்டத்தில் 13.5 முதல் 14 வரை இருக்கட்டும். முழு ரேஞ்சும் ஒரே அளவு காய்ந்திருந்தால் (பெட்ரோல் குறைந்திருந்தால்) மெயினைக் கூட்டுங்கள். 5,000-க்கு மேல் மட்டும் காய்ந்தால் மெயினை விட்டுவிட்டு ஏர் கரெக்டரைக் குறையுங்கள், 180-இலிருந்து 170 என்பதுபோல். பிளக் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடும் பழைய கை இன்றைய ஈயமில்லாப் பெட்ரோலில் அவ்வளவு எடுபடுவதில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் சேர்க்கவேண்டும். இந்த இன்ஜின்களுக்கு ஜெட் குறித்த காலத்தில் அது கிடையாது. சுத்தப் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 10 சதவீதம் எத்தனால் கலந்தால் ஏறத்தாழ 14.1, 20 சதவீதம் என்றால் சுமார் 13.5. அதாவது இந்தியாவில் இப்போது பம்பில் வரும் இ20-இல் பழைய ஜெட் அளவிலேயே ஓட்டினால் கலவை எட்டு சதவீதம்போல் காய்கிறது. மெயினை 125-இலிருந்து 130-க்கு மாற்றினால் துளையின் பரப்பு ஏறக்குறைய அதே எட்டு சதவீதம் கூடும், ஆகவே ஒரு படி மேலே போனால் கணக்கு நேராகிறது. ஐடில் ஜெட்டுக்கு இந்த வசதி இல்லை. 50-இலிருந்து 55 என்பது 21 சதவீதப் பாய்ச்சல். அங்கே முதலில் மிக்சர் ஸ்க்ரூவையும் எஃப் வகையையும் பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களையும் அப்படியே எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். காரை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஃப்ளோட் தொட்டியைக் காலியாக்கிவிட்டு நிறுத்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தேதியோடு எழுதிவைத்து, அதே சாலையில் திரும்ப ஓட்டிப் பாருங்கள். கழற்றிய ஜெட்டுகளை எண்ணோடு சின்னக் கவரில் போட்டுக் காரிலேயே வைத்திருங்கள். சமவெளியில் சரியாக இருந்த 50எஃப்8 ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் பெட்ரோல் கூடிக் கனத்துப்போகும், அங்கே அந்தக் கவர் கைகொடுக்கும்.